முன்னால் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

‘டெஸ்ட் எடுத்தால்தான் வியாதியே வருகிறது’ என்பது நம் ஊரில் பாதி கேலியாகவும் பாதி நம்பிக்கையாகவும் சொல்லப்படும் பேச்சு. புற்றுநோய் என்று வந்துவிட்டால் கேலி கழன்றுபோய் நம்பிக்கை மட்டும் மிஞ்சும். ‘முன்னாலேயே தெரிந்து என்ன ஆகப்போகிறது? தெரியாமல் இருந்திருந்தால் நாலு வருஷம் நிம்மதியாகவாவது இருந்திருப்பார்’ என்று துக்க வீட்டுப் பந்தலில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. சில காலமாக இதற்குப் படித்தவர்களின் பதிப்பு ஒன்றும் வந்திருக்கிறது. அது புள்ளிவிவரம் பேசும். வெளிநாட்டு மருத்துவ இதழ்களை மேற்கோள் காட்டும். கார்ப்பரேட் மருத்துவமனைகளின் வியாபாரத்தைத் தோலுரிக்கும். கடைசியில் பந்தலில் சொன்ன இடத்துக்கே வந்து உட்காரும்: ஆரம்பத்தில் கண்டுபிடிப்பதால் ஆயுள் நீளுவதில்லை, நோயாளி என்ற பட்டத்தோடு வாழும் காலம்தான் நீளுகிறது.

பெருங்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை இது தவறு. மிகை, ஒருபக்கப் பார்வை என்றெல்லாம் சொல்லி மழுப்ப விரும்பவில்லை, தவறு. ஆனால் அதைத் தவறென்று காட்ட வழக்கமாக எடுத்து வீசப்படும் ஆதாரமும் பலவீனமானது. முதலில் அதை ஒதுக்கிவிடுவது நல்லது.

அந்த ஆதாரம் அமெரிக்கப் பதிவேடுகளின் கணக்கு. கட்டி குடல் சுவரைத் தாண்டாதபோது பிடிபட்டவர்களில் நூற்றுக்கு 90 பேர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். பக்கத்து நிணநீர்க் கணுக்களை எட்டியிருந்தால் 70 சொச்சம் பேர். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விட்டால் 15 பேர்கூடத் தேறுவது கடினம். விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் இந்த மூன்று எண்களோடு வேலையை முடித்துக்கொள்கின்றன. ஐயவாதி இங்கேதான் சிரிக்கிறார். ஒருவருக்கு 70 வயதில் மரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 69இல் நோய் தெரிந்தால் அவர் ஓராண்டு பிழைத்தவர்; ஐந்தாண்டுக் கணக்கில் தோற்றவர். 63இலேயே தெரிந்தால் ஏழாண்டு பிழைத்தவர், கணக்கில் வென்றவர். இரண்டிலும் இறந்தது 70 வயதில்தான். போதாக்குறைக்கு, பரிசோதனைகளில் அதிகம் சிக்குவது மெதுவாக வளரும் சாதுக் கட்டிகள். வேகமாக வளர்பவை இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். ஆகவே 90க்கும் 15க்கும் உள்ள தூரம் முழுவதும் முன்கூட்டிக் கண்டுபிடித்ததன் பலன் அல்ல. இந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அதனால் பிழைத்த ஆண்டுகளை எண்ணுவதை விட்டுவிடுவோம். இறந்தவர்களை எண்ணுவோம்.

அப்படி எண்ணியவர்கள் இருக்கிறார்கள். 1970களின் நடுவில் அமெரிக்காவின் மினசோட்டாவில் 50 முதல் 80 வயது வரையிலான 46,551 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆண்டுதோறும் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் சோதனை. இன்னொன்றுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை. மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ரத்தம் தென்பட்டவர்களுக்கு மட்டும், குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி. 1993இல் வெளியான முதல் முடிவில், ஆண்டுதோறும் சோதிக்கப்பட்ட குழுவில் பெருங்குடல் புற்றால் நேர்ந்த சாவுகள் மூன்றில் ஒரு பங்கு குறைவு. முப்பது ஆண்டுத் தொடர்ச்சியை 2013இல் எண்ணினார்கள். சோதிக்கப்படாத குழுவில் இந்நோயால் இறந்தவர்கள் 295. இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதித்த குழுவில் 237. ஆண்டுதோறும் சோதித்ததில் 200. குழுக்களின் அளவு ஏறத்தாழ ஒன்றே. நோய் 63இல் தெரிந்ததா 69இல் தெரிந்ததா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. செத்தவர் செத்தவர்தான், அதில் கண்கட்டு வித்தை செய்ய முடியாது.

இதற்கும் ஐயவாதியிடம் பதில் உண்டு. அதே மினசோட்டா ஆய்வில், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்தச் சாவு மூன்று குழுக்களிலும் ஏறக்குறைய சமம் என்பார். உண்மை. முப்பது ஆண்டில் அந்தக் கூட்டத்தில் 33,020 பேர் காலமாகிவிட்டார்கள். முதியவர்களைத் தொடர்ந்தால் அதுதான் நடக்கும். சோதிக்கப்படாத குழுவின் சாவுகளில் பெருங்குடல் புற்றின் பங்கு 2.7 சதவீதம். அதில் மூன்றில் ஒரு பங்கைக் காப்பாற்றினால் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட அசையாது. மாரடைப்பின், நுரையீரல் நோயின் இரைச்சலில் அது கேட்காது. மலப் பரிசோதனை மாரடைப்பைத் தடுக்கும் என்று எவரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு தடுப்பணை அதன் ஆற்றில் வெள்ளத்தைக் குறைத்ததா என்று பார்க்காமல் மாநிலம் முழுவதும் மழை குறைந்ததா என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஐயவாதிகளின் வலுவான சாட்சி இதுவல்ல, தென்கொரியா. அங்கே தைராய்டுப் புற்றுக்கு ஸ்கேன் எடுப்பது ஒரு வழக்கமாகப் பரவியது. 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டுப் புற்றுநோயாளிகளின் விகிதம் 15 மடங்கு ஏறியது. அந்த நோயால் இறப்போர் விகிதம் அசையவே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தராமல் கிடந்திருக்கும் கட்டிகளைத் தோண்டியெடுத்து, ஆயிரக்கணக்கானோரின் தைராய்டை வெட்டி, ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வைத்தார்கள். இது மருத்துவத்தின் வெட்கக்கேடான அத்தியாயம்; இதைச் சுட்டுபவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அங்கிருந்து ஒரே தாவலில் ‘எல்லாப் புற்றுச் சோதனையும் இப்படித்தான்’ என்று குதிக்கிறார்களே, அங்கேதான் சறுக்கல்.

பெருங்குடல் புற்று திடீரென்று முளைப்பதில்லை. குடலின் உள்தோலில் ‘பாலிப்’ என்ற சிறு சதை வளர்ச்சி தோன்றும். அது புற்று அல்ல. பெரும்பாலானவை கடைசிவரை அப்படியே இருந்துவிடும். சில, ஒன்றன்பின் ஒன்றாக மரபணுப் பிழைகளைச் சேர்த்துக்கொண்டு மெல்ல மெல்லத் தடம் மாறும். எந்தப் படியில் எந்த மரபணு கெடுகிறது என்ற வரைபடத்தை எரிக் ஃபியரனும் பெர்ட் வோகல்ஸ்டைனும் 1990இல் வெளியிட்டார்கள். பாலிப் புற்றாவதற்குப் பொதுவாகப் பத்தாண்டு அளவில் ஆகிறது. மனித உடம்பில் இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுகள் அதிகமில்லை. கொலோனோஸ்கோபி செய்யும் மருத்துவர் அந்த பாலிப்பைப் பார்த்தால் அங்கேயே ஒரு கம்பிச் சுருக்கை மாட்டி அறுத்தெடுத்துவிடுகிறார். வயிற்றைக் கிழிப்பதில்லை, தையல் இல்லை. புற்றாகியிருக்கக்கூடிய ஒன்று புற்றாகாமலே போகிறது.

ஆகவே ஒரு சோதனை உருப்படியானதா வீணானதா என்று அறிய நல்ல வழி ஒன்று உண்டு. அதைச் செய்யத் தொடங்கிய பிறகு நோயாளிகளின் எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா? தைராய்டில் ஏறியது. பெருங்குடலில் இறங்கியது. பிரிட்டனில் வெண்டி அட்கின் தலைமையில் நடந்த ஆய்வில் 55 முதல் 64 வயதுள்ளவர்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை குடலின் கீழ்ப்பகுதியை மட்டும் குழாய் விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 2010இல் வெளியான முடிவில், அழைக்கப்பட்டவர்களிடையே புதிதாகப் பெருங்குடல் புற்று வருவது 23 சதவீதமும் அதனால் இறப்பது 31 சதவீதமும் குறைந்திருந்தன. அழைப்பை ஏற்று வராதவர்களையும் சேர்த்த கணக்கு இது. நோயாளி என்ற பட்டம் தரும் காலத்தை நீட்டுகிறது என்று குற்றம் சாட்டப்பட்ட சோதனை, பலர் நோயாளி ஆவதையே தடுத்திருக்கிறது. இதை எந்த ஐயவாதக் கட்டுரையிலும் நான் வாசித்ததில்லை.

அவர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவது வேறொன்று. 2022இல் போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளின் கொலோனோஸ்கோபி ஆய்வு வெளிவந்தது. பத்தாண்டில் புதிய நோய் 18 சதவீதம் குறைந்தது. சாவில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ‘கொலோனோஸ்கோபி தோற்றது’ என்று தலைப்புகள் பறந்தன. தலைப்புக்குக் கீழே என்ன இருந்தது? அழைக்கப்பட்ட 28,220 பேரில் போய்ச் செய்துகொண்டவர்கள் 11,843 பேர், அதாவது 42 சதவீதம். கடிதம் வந்தும் வீட்டிலேயே இருந்துவிட்ட மீதிப் பேரையும் ‘சோதிக்கப்பட்டவர்’ பக்கத்தில் சேர்த்துத்தான் கணக்கு. ஆய்வு முறைப்படி அப்படிச் சேர்ப்பது சரிதான். ஒரு அழைப்புத் திட்டத்துக்கு என்ன பலன் என்பதை அது சொல்லும். சோதனைக்கு என்ன பலன் என்பதை அது சொல்லாது. செய்துகொண்டவர்களை மட்டும் பார்த்த கணக்கில் சாவு பாதியாகக் குறைந்திருந்தது. அந்தக் கணக்குக்கும் குறை உண்டு: அழைத்ததும் போகிறவர் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்பவராக இருக்கலாம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். பூஜ்யத்தில் இல்லை. பயமுறுத்துபவர்களுக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பதினோராயிரத்துச் சொச்சம் பேரில் பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டது 15 பேருக்கு. குடலில் ஓட்டை விழுந்தது ஒருவருக்கும் இல்லை.

‘எல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு. மாட்டிறைச்சி தின்கிறவன் நோய் நமக்கு எதற்கு?’ இது அடுத்த கேள்வி. பாதி நியாயம் இதில் இருக்கிறது. இந்தியாவில் இந்நோயின் விகிதம் மேற்கைவிட மிகக் குறைவு. ஆகவே 45 வயதான ஒவ்வொருவரையும் கொலோனோஸ்கோபி மேசையில் ஏற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது பணத்தைக் குடலில் ஊற்றும் வேலை. ஆனால் குறைந்த விகிதம் பிறவிச் சொத்து அல்ல. ஜப்பானிலும் ஒரு காலத்தில் இது அரிய நோய். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அங்கே கிடுகிடுவென்று ஏறியது. ஹவாய்க்குக் குடிபெயர்ந்த ஜப்பானியர்களிடம் அதற்கு முன்பே ஏறிவிட்டது. ரத்தம் மாறவில்லை, சாப்பாடும் உடல் உழைப்பும் மாறின. நம் தட்டிலும் நம் நாற்காலியிலும் என்ன மாறியிருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேலும், குறைவான விகிதம் என்றாலும் கூட்டம் பெரிது. இன்று இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 70,000 பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்று கண்டறியப்படுவதாக உலகப் புற்றுநோய் மதிப்பீடுகள் சொல்கின்றன. மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு வந்த 800 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில் சராசரி வயது 47. நம் மக்கள்தொகையே இளமையானது என்பது அதற்கு ஒரு காரணம். இருந்தாலும் ‘கிழவர்களின் நோய்’ என்று ஒதுக்கிவிட முடியாது. 2018இல் லான்செட் இதழில் வந்த பன்னாட்டு ஒப்பீட்டில், இந்தியப் பதிவேடுகள் சிலவற்றின்படி பெருங்குடல் புற்று கண்டவர்களில் ஐந்தாண்டைத் தாண்டுவோர் 40 சதவீதத்துக்கும் கீழே. ஆஸ்திரேலியாவிலும் தென்கொரியாவிலும் 70க்கு மேல். இந்த எண்களை முழுதாக நம்ப வேண்டாம் என்று நானே மேலே சொல்லிவிட்டேன். இருந்தாலும் இவ்வளவு பெரிய பள்ளத்தைக் கண்கட்டு வித்தை மட்டும் தோண்டிவிடாது. தைராய்டில் கோட்டைவிட்ட அதே கொரியா, 2004 முதல் 50 வயதைக் கடந்தவர்களுக்கு மலப் பரிசோதனையைத் தேசியத் திட்டத்தில் வைத்திருக்கிறது. ஒரே நாடு ஒன்றில் ஏமாந்தது, இன்னொன்றில் தெளிவாக நடந்துகொண்டது. எந்தச் சோதனை, எந்த உறுப்புக்கு என்று பிரித்துப் பார்க்க மறுப்பவர்கள் கொரியாவை முழுதாகச் சாட்சிக் கூண்டில் ஏற்றட்டும்.

நம் ஊரில் உயிர் போவதற்குச் சோதனைத் திட்டம் இல்லாதது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் மூலம். மூலநோயைச் சொல்லவில்லை; மூலம் என்று முடிவு கட்டிவிடுவதைச் சொல்கிறேன்.

மலத்தோடு ரத்தம் வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? முதலில் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் ‘உடம்புச் சூடு’ என்று பதில் வரும். மோர் குடி, இளநீர் குடி, வெந்தயம் ஊறப்போடு. நிற்கவில்லையென்றால் மூலம். கருணைக்கிழங்கு லேகியம், விளக்கெண்ணெயில் வதக்கிய துத்தி இலை. அதற்கும் மசியாவிட்டால் மருந்துக் கடையில் ஒரு களிம்பு. பேருந்து நிலையச் சுவர்களெல்லாம் ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் நிரந்தர குணம்’ என்று கூவுகின்றன. துத்தி இலையின் மீது எனக்கு வழக்கு எதுவும் இல்லை. மூலம் என்றால் அது ஆறுதல் தரலாம். மூலமா என்று பார்த்தது யார்? மருந்துக் கடைக்காரர் பார்க்கவில்லை. லேகியம் கிண்டியவர் பார்க்கவில்லை. பல சமயம் ஆங்கில மருத்துவரும் பார்க்கவில்லை. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்தபடியே ‘பைல்ஸ்தான்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். கையுறை மாட்டிய விரலால் ஆசனவாய் வழியாகத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டிகளில் பல அந்த விரலுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. ஒரு நிமிடம் பிடிக்கும், செலவு ஒரு கையுறை. செய்வதில்லை. நோயாளிக்கு வெட்கம், மருத்துவருக்கு அவசரம். பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சொல்வதற்கே ஓராண்டு, காட்டுவதற்கு இன்னோராண்டு.

ரத்தம் வரும் பெரும்பாலோருக்கு மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் இருக்கும். அதில் சந்தேகமில்லை. ஆனால் மூலம் இருப்பது புற்று இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பதுபோல முட்டிக்கொண்டே இருப்பது, இத்தனை காலம் சரியாகப் போய்க்கொண்டிருந்த மோஷன் வாரக்கணக்கில் மாறிப்போவது, ரத்தத்தோடு சளியும் சேர்ந்து வருவது, காரணமில்லாமல் எடை குறைவது: இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் களிம்போடு நிறுத்தக்கூடாது.

கண்ணுக்கே தெரியாத ரத்தம் இன்னும் மோசம். பெருங்குடலின் வலப்பக்கம் அகலமானது. அங்கே மலம் இளகலாக இருக்கும். கட்டி பெரிதாக வளர்ந்தாலும் அடைப்பு வராது. துளித்துளியாகக் கசிந்துகொண்டே இருக்கும். மலத்தில் சிவப்பு தெரியாது. ஆள் வெளுத்துப்போவார், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8. ‘ரத்தம் கம்மியாக இருக்கிறது’ என்று இரும்பு மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. மாதவிடாய் இல்லாத ஒரு 55 வயது ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்து குறைகிறதென்றால் உள்ளே எங்கோ ஒழுகுகிறதா என்று தேடுவது மருத்துவத்தின் பாலபாடம். ஒழுகும் இடத்தைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதால் சில மாதம் ஹீமோகுளோபின் ஏறும், நோயாளிக்குத் தெம்பு வரும், கட்டிக்கு அவகாசம் கிடைக்கும்.

இப்படித் தாமதமாக வந்தவரைத்தான் அறுவை மேசையில் திறந்து பார்க்கிறார்கள். கல்லீரலெல்லாம் பரவியிருக்கிறது. மூடிவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் போய்விடுகிறார். குடும்பத்தின் நினைவில் நிற்பது என்ன? ‘கத்தி பட்டது, பரவிவிட்டது.’ அடுத்து அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு ரத்தம் வந்தால் அவர் மருத்துவமனைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அவரும் தாமதமாகத்தான் வருவார். முன்னால் தெரிந்து பயனில்லை என்ற நம்பிக்கை தன் சாட்சிகளைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் விதம் இதுதான். இதற்குப் புள்ளிவிவரப் பூச்சுப் பூசித் தரும் படித்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். பந்தலில் பேசுகிறவருக்கு அனுபவம் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

வியாபாரம் பற்றி அவர்கள் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பொட்டலங்களில் ‘கேன்சர் மார்க்கர்’ என்று ஒரு ரத்தப் பரிசோதனையைச் சேர்த்து விற்கிறார்கள். பெருங்குடலுக்கு அது சிஇஏ. புற்று உறுதியானவருக்குச் சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று பார்க்கப் பயன்படுவது அது. ஆரோக்கியமாக இருப்பவரிடம் ஆரம்பப் புற்றைக் கண்டுபிடிக்க உதவாது. சிறிய கட்டிகள் பலவற்றில் அது ஏறுவதே இல்லை. புகைப்பவர்களுக்குப் புற்று இல்லாமலே ஏறும். ‘நார்மல்’ என்று வந்த தாளை வைத்துக்கொண்டு ரத்தப்போக்கை அலட்சியம் செய்தால் அந்தத் தாள் ஆளைக் கொல்லும். மறுபக்கம், மறைந்த ரத்தத்தைத் தேடும் மலப் பரிசோதனை இருக்கிறது. கொலோனோஸ்கோபிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு துண்டு. புதிய வகைச் சோதனைக்குப் பத்தியம் கிடையாது. வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். இதைப் பெரிதாக விளம்பரம் செய்ய எவருக்கும் ஆர்வமில்லை, அதில் லாபம் குறைவு. கார்ப்பரேட்டை எதிர்ப்பவர்கள் உண்மையில் தூக்கிப் பிடிக்க வேண்டிய சோதனை இதுதான். வடக்குக் கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்ட்டி அமைப்பு இந்தச் சோதனைக் குச்சிகளைத் தபாலில் வீடுகளுக்கு அனுப்பியது. 2000இல் பத்தில் நான்கு பேர்தான் சோதனை முடித்திருந்தார்கள். 2015இல் எட்டுக்கு மேல். அதே காலத்தில் அங்கே இந்நோயால் நேரும் சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. சிகிச்சை முன்னேறியதும் அதில் ஒரு பங்கு. முழுப் பங்கும் அதுவல்ல.

நம் அரசின் தொற்றாநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளைப் பார்க்கிறது. அந்த மூன்றுக்குமே இங்கே முன்னுரிமை தருவது சரி. நான்காவதாகப் பெருங்குடலை எல்லோருக்கும் சேர்க்கப் பணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு விதிகளைச் சேர்க்கத் தனி நிதி ஒதுக்கீடே தேவையில்லை. தொட்டுப் பார்க்காமல் மூலத்துக்கு மருந்து எழுதக்கூடாது. ஐம்பதைத் தாண்டியவரின் ரத்தசோகைக்குக் காரணம் தேடாமல் இரும்பு மாத்திரையோடு அனுப்பக்கூடாது.

வாசகருக்கு ஒன்று. உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்று வந்திருந்தால் மேலே சொன்ன ‘எல்லோருக்கும் வேண்டாம்’ என்ற வாதம் உங்களுக்குப் பொருந்தாது. 60 வயதுக்கு முன்பே அவர்களுக்கு அது வந்திருந்தால், நீங்கள் 40 வயதிலோ, அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பதே மேற்கத்திய மருத்துவ வழிகாட்டுதல். உங்கள் மருத்துவர் தானாகக் கேட்காவிட்டால் குடும்ப வரலாற்றை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.